பத்தாம் நம்பர் பூட்ஸ்

வெர்னா வேட்டைச் சாமான் கடைக்கு வாங்கப் போகவில்லை, வாங்காமல் வரத்தான் போனாள்.

வாத்து வேட்டை சீசன் தொடங்க மூன்றே நாள். அவளுடைய ரப்பர் கால்சட்டை முழங்காலில் கிழிந்து கிடந்தது. பூட்ஸோடு ஒட்டிப் பிறந்து நெஞ்சு வரை ஏறும் கால்சட்டை அது. அதில் ஓட்டை விழுந்தால் ஆர்கன்சாவின் நவம்பர்த் தண்ணீர் எலும்பு வரை விசாரித்துவிட்டுத்தான் போகும். "நல்லதா ஒண்ணு வாங்கிக்க, விலைய பாக்காத" என்று காலையில் சாஸேஜும் பிஸ்கட்டும் வாயிலிருக்கச் சொல்லி அனுப்பினான் ஹாய்ட். கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவன் விலையைப் பார்க்காதே என்று சொன்னது அன்றுதான். அவளோ, "என் அளவு இல்லையாம்" என்று ஒரு பொய்யோடு திரும்பி, இந்த வருஷம் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தாள்.

காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. மூன்று சீசனாக, வேட்டைக்காட்டில் தேங்கிய தண்ணீரில் விழுந்துகொண்டே இருந்தாள். கால் சேற்றிலிருந்து வர மறுக்கும், உடம்பு முன்னே போய்விடும். போன ஜனவரியில் கழுத்து வரை முங்கினாள். அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஐம்பத்தாறு வயதில் கால் இழுபட்டது, விழுந்தாள், பிறகு நடுக்குவாதம் என்றார்கள். ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியாமல் போனாள். வெர்னாவுக்கு இப்போது ஐம்பத்தாறு. டாக்டரிடம் போக பயம். போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவாரே.

"வெர்னாக்கா! வாங்க, வாங்க. கிழிஞ்சதையும் எடுத்துட்டே வந்துட்டீங்களா?" கடைக்காரி கோரீன் அந்தக் கால்சட்டையை அவள் கையிலிருந்து பிடுங்கி மேஜையில் விரித்தாள். நாற்பது வயது, வெண்கலக் குரல், அவளும் வேட்டைக்காரி. "முட்டியில ஒத்தத் துணிதான் வச்சிருக்கான், படுபாவி. முள்ளு சும்மா விடுமா? மேல பளபளன்னு இருக்கும், நம்பாதீங்க. உள்ள திருப்பித் தையலப் பாருங்க." பூட்ஸைக் கவிழ்த்தவள் நிறுத்தினாள். "பத்தா? அக்கா, நீங்க செருப்பு என்ன நம்பர் போடுவீங்க?"

"ஒம்பது. சாக்ஸ் போடணும்னு ஒரு நம்பர் ஏத்தி ஹாய்ட் வாங்கிட்டு வந்தான்."

"இது ஆம்பளைங்க பத்துக்கா! நம்ம ஒம்பது அவங்களுக்கு ஏழரை. நீங்க தோணியில கால விட்டு நடந்திருக்கீங்க."

"அப்படியா?" என்றாள் வெர்னா.

"சேறு புடிச்சா பூட்ஸ் அங்கயே நிக்கும், கால் மட்டும் உள்ள எழும்பும். விழாம என்ன செய்வீங்க? இது எப்ப வாங்கினது?"

"மூணு சீசனுக்கு முன்னாடி. அப்போலேர்ந்து விழுந்துட்டேதான் இருக்கேன்."

"அதுக்கு முன்னாடி விழுந்திருக்கீங்களா?"

"இல்ல." அதற்கு முன் போட்டது லேஸ் கட்டும் பூட்ஸ், பன்னிரண்டு வருஷம் உழைத்தது.

"வீட்டுல, தெருவுல, சர்ச்சுல?"

வெர்னா யோசித்தாள். ஞாயிறுதோறும் பாடகர் குழுவோடு படியேறுகிறாள், கையில் புத்தகத்தோடு. ஒரு தடவைகூடத் தடுக்கியதில்லை. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மாவா?

கோரீன் கடையின் பின்னால் நெல்வயல் வாய்க்காலுக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனாள். யார் வாங்க வந்தாலும் மாதிரி ஜோடியை மாட்டி அந்தச் சேற்றில் இறக்காமல் அவள் விற்கமாட்டாள். பெண்கள் அளவு, முட்டியில் இரட்டைத் துணி, கணுக்காலைக் கவ்விப் பிடிக்கும் பூட்ஸ். "குந்துங்க. அந்த வாளி மேல கால வைங்க. இடுப்பு புடிக்குதா? குதிகால் தூக்குதா? தூக்கினா சொல்லுங்க, வேற எடுக்கறேன்."

தூக்கவில்லை. வெர்னா வாய்க்காலைக் கடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடி கடந்தாள். சேறு காலைப் பிடித்தது, அவள் இழுத்தாள், கால் பூட்ஸோடு சேர்ந்து வந்தது. ஏழாவது தடவை கடக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

"ஐயோ, குத்துதாக்கா?"

"இல்லடி. வயித்துல பால வார்த்துட்ட."

கோரீனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சாக்ஸ் இலவசமாகக் கொடுத்தாள்.

சனிக்கிழமை விடிகிற நேரம், இடுப்பளவு தண்ணீரில் ஓக் மரங்களுக்கு நடுவே இருவரும் நடந்தார்கள். வழக்கம்போல, "நீ முன்னாடி போ, உனக்குத்தான் வழி தெரியும்" என்றான் ஹாய்ட். இரண்டு வருஷமாக இதே பாட்டு. வயதாக ஆக மனுஷன் சோம்பேறியாகிவிட்டான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். முங்கிக் கிடந்த கட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டினாள். விழவில்லை. பெரிய மரத்தடிக்கு வந்ததும் திரும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னாள்: அம்மா, பயம், பொய்த் திட்டம், பத்தாம் நம்பர்.

ஹாய்ட் துப்பாக்கியை மரக்கிளையில் மாட்டினான். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். தலைக்கு மேல் வாத்துக் கூட்டம் ஒன்று வட்டமடித்து இறங்கி, யாரும் சுடாததால் திகைத்து, மறுபடி எழும்பிப் போயிற்று.

"அந்தப் பூட்ஸ வாங்கினவன் நான்தானே" என்றான்.

"நீதான். முட்டாள்."

"ஆமா. முட்டாள்தான்." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவனுக்கு. நெஞ்சுப் பையில் கையைவிட்டு ஒரு சுருள் கயிற்றை எடுத்தான். ஒரு முனையில் அவள் இடுப்பளவுக்கு வளையம் முடிந்திருந்தது. முடிச்சு அழுக்கேறிப் பழசாகியிருந்தது.

"இது எதுக்கு?"

"உங்கம்மா எப்படி விழுந்தாங்கன்னு நானும் பாத்தவன்தானே, வெர்னா. ரெண்டு வருஷமா உன்ன ஏன் முன்னாடி போகச் சொன்னேன்னு நெனச்ச? விழுந்தா இழுக்கப் பின்னாடி நான் வேணாமா?"

அவள் கயிற்றை வாங்கிக்கொண்டாள். முடிச்சு லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அன்று மத்தியானம் ஆறு வாத்துகளை அதில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவனைப் பின்னால் விட்டுவிட்டு, வேகமாக நடந்தாள்.

"மெதுவாப் போடி!" என்று கத்தினான் ஹாய்ட். அவள் மெதுவாகப் போகவில்லை.