குறிப்புக் கட்டம்

நர்ஸ் அந்தத் தாளைச் சத்தமாகப் படித்தபோது அறையில் இருந்தவர்கள்: நர்ஸ், என் கணவர், என் மாமியார், நான், எடைத் தட்டில் துணியில்லாமல் கிடந்த என் ஐந்து மாத மகன். தாளுக்குள் இருந்த பெண்ணையும் சேர்த்தால் ஆறு பேர். பிரச்சினை அவளால்தான் வந்தது.

"பகல் ரெண்டு பத்து. இடது பக்கம். பன்னெண்டு நிமிஷம். ஈரம், ஆமாம்." அதுவரை வேகமாகப் படித்துக்கொண்டு வந்த நர்ஸ் நிதானமானார். "குறிப்பு: பின்கதவுச் சாவி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது."

மகன் காலை உதைத்தான். தட்டின் முள் ஆடியது.

"நாலரை. வலது பக்கம். ஒம்போது நிமிஷம். குறிப்பு: இந்த வீட்டிலிருந்து அவள் எதையும் எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை. செருப்பு மட்டும் போதும்." நர்ஸ் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "யாரும்மா இந்த 'அவள்'?"

"கதை," என்றேன்.

"பால் குடுக்குற சார்ட்ல என்ன கதை?" என்றார் கணவர். காது சிவந்திருந்தது.

"கீழே நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்று நர்ஸ் தாளைத் திருப்பிக் காட்டினார்.

அவர் கையெழுத்துதான். எல்லாத் தாளிலும் இருந்தது.

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று கேட்டார். பிறகு, "எங்கேயாவது கிளம்பிப் போயிடலாம்னு தோணுதா?"

"தோணாத அம்மா யாராவது உங்ககிட்ட வந்திருக்காங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அவருடைய தாளிலும் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்னவோ எழுதினார். எனக்குக் காட்டவில்லை.

எங்கள் வீட்டுத் தாள் கணவரின் தயாரிப்பு. பெயின்ட் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். எழுதி வைக்காத வேலை நடக்காத வேலை என்பது அவர் கட்சி. மகன் பிறந்த மூன்றாம் நாளே கட்டம் போட்டு அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார்: நேரம், பக்கம், நிமிடம், ஈரம், குறிப்பு. ஃபிரிட்ஜ் கதவில் தாள் தொங்கும். கயிற்றில் பேனா தொங்கும். மாலையில் வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் அதைப் பார்ப்பார்.

"பன்னெண்டுலேருந்து மூணு வரைக்கும் ஒண்ணுமே இல்லையே?"

"முதலாளி தூங்கினார்."

வீட்டில் மகனுக்கு அதுதான் பெயர். அவன் குரல் கொடுத்தால் எங்களுக்கு வேலை. அவன் கண்ணை மூடினால் சாப்பாட்டு இடைவேளை. நிமிடங்களைக் கூட்டிச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, தாளை ஃபைலில் வைப்பார் கணவர். கையெழுத்தான தாளை அவர் திரும்பப் புரட்டுவதில்லை. தொழிற்சாலைப் பழக்கம்.

எனக்கும் கட்டங்கள் புதிதல்ல. நான்கு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தவள். டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக்கொண்டு அப்படியே தட்டச்சு செய்யும் வேலை. யாரோ ஒருவரின் கல்லீரல், யாரோ ஒருவரின் முட்டி. காதில் விழாத ஒரு சொல்லைச் சேர்த்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். கல்லூரியில் நோட்டு நோட்டாகக் கதை எழுதிய கை, நான்கு வருடத்தில் சொந்தமாக ஒரு வரி எழுத வராத கையானது. ஏழாம் மாதத்தில் வயிறு மேஜையில் இடித்தது. எழுந்து வந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை. ஒரு மூடிய அறையிலிருந்து இன்னொரு மூடிய அறைக்கு மாற்றல் வாங்கியதுபோல்தான் இருந்தது. இங்கே வார விடுமுறை இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது மாடி. படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள். பால் கொடுக்கும் நாற்காலி அவற்றைப் பார்த்துத்தான் கிடந்தது. வேறெந்தப் பக்கம் திருப்பினாலும் கட்டில் இடித்தது. நாற்காலியின் கைப்பிடி தாழ்வு. முழங்கை அந்தரத்தில் தொங்கி, மணிக்கட்டு மரத்துப்போகும். தலையணை வைத்தால் அமுங்கியது.

கீழ்வீட்டு டைலர் அக்கா ஒரு பை நிறையப் பழைய காதல் நாவல்களைக் கொண்டுவந்து கொட்டினார். "படிக்கச் சொல்லலை. ஆறு புக்கை அடுக்கி அது மேல கையை வை. என் ரெண்டு பிள்ளைங்களும் இப்படித்தான் வளர்ந்துச்சுங்க."

ஆறு நாவல், கச்சிதமான உயரம். மூன்று வாரம் அவற்றை முழங்கையால்தான் படித்தேன். பிறகு ஒரு நாள், குழாய்கள் பதினொன்று என்று நூறாவது முறை எண்ணி முடித்ததும், மேலே இருந்ததை உருவினேன். அதன் இடத்தில் ஒரு துண்டை மடித்து வைத்தேன்.

நல்ல எழுத்து என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றிலும் ஒரே பணக்காரன், ஒரே கோபம். ஒன்றில் அவன் தாடை நாற்பத்தொரு முறை இறுகியது. பல் டாக்டரிடம் போக வேண்டியவன். அவளுக்கு எதற்கெடுத்தாலும் மயக்கம். ஆனாலும் பக்கம் திரும்பியது. யாரோ யாருக்காகவோ மழையில் காத்திருந்தார்கள், எனக்கு நெஞ்சு படபடத்தது. என் உடம்பு ஒரு பால் பாத்திரம் என்பது அவ்வப்போது மறந்துபோனது. வெட்கமாக இருந்தது. அடுத்ததை உருவினேன்.

ஐந்தாவது நாவல்தான் ஆத்திரத்தைக் கிளப்பியது. மலைமேல் பங்களா. கட்டிக்கொள்ளச் சம்மதிக்கும்வரை அவளை உள்ளே வைத்துப் பூட்டுகிறான். கடைசியில் சம்மதிக்கிறாள். ஏனென்றால் அவனுக்குக் காய்ச்சலாம்.

"போடி இவளே," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். முதலாளி குடிப்பதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அவனைத் தூங்கவைத்ததும் ஃபைலை எடுத்தேன். கணவர் கையெழுத்துப் போட்ட நேற்றைய தாள். குறிப்புக் கட்டங்கள் எட்டும் காலியாக இருந்தன. முதல் கட்டத்தில் 'அவள் சம்மதிக்கவில்லை' என்று எழுதினேன். காதில் யாரும் சொல்லாமல் பல வருடத்தில் நான் எழுதிய முதல் வாக்கியம்.

கட்டத்துக்கு ஒரு வரி, நாளுக்கு எட்டு வரி. அதற்கு மேல் இடமும் இல்லை, நேரமும் இல்லை. அந்த எட்டு வரிக்காகக் காலையில் எழுந்தேன். பால் கொடுக்கும்போது ஒரு சொல்லை மாற்றி மாற்றிப் பார்ப்பேன். மயக்கம் போட்டுக்கொண்டிருந்தவள் ஜன்னல் கம்பியை எண்ணினாள், சமையல்காரரிடம் பேச்சுக் கொடுத்தாள், சாவியைக் கண்டுபிடித்தாள்.

எடை பார்க்க வரும்போது பதினைந்து நாள் சார்ட் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். கணவர் பெருமையாக மொத்த ஃபைலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

மகன் எடை சரியாகவே இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

கணவர் கத்தவில்லை. கெட்டவராக இருந்தால் பதில் சொல்வது சுலபம். "நான் உன்னைக் குறை சொல்லலை. உனக்கு ரெஸ்ட் வேணும்," என்றார். நாவல்களை டைலர் அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைக்கு வைக்க ஒரு நுரை மெத்தை வாங்கி வந்தார். வெளிக்கதவுச் சாவியைத் தன் அம்மாவிடம் கொடுத்தார். "அம்மா, இவளைத் தனியா விடாதீங்க." அன்று சாயங்காலமே புதிய தாள் அச்சாகி வந்தது. நேரம், பக்கம், நிமிடம், ஈரம். குறிப்புக் கட்டம் இல்லை. அந்த இடத்தை மற்ற கட்டங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருந்தார். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

நான் எண்களை எழுதினேன். அத்தை எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிகள் தலைக்குள் வந்தன, வைக்க இடமில்லாமல் போயின. நான்காம் நாள் வரவேயில்லை. கை பழையபடி ஆகிவிட்டது என்று புரிந்தது. பதினொரு குழாய்.

ஐந்தாம் நாள் பகலில், அத்தை முதலாளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"போனாளா இல்லையா?"

"யாரு அத்தை?"

"அந்தப் பொண்ணுதான். சாவியைக் கையில வச்சுக்கிட்டு அஞ்சு நாளா நிக்கிறா. கால் வலிக்காதா அவளுக்கு?"

"நீங்க படிச்சீங்களா?"

"நீ குளிக்கப் போறப்பல்லாம் ஃபைலை எடுப்பேன். நீ பாட்டுக்கு அஞ்சு நிமிஷத்துல வந்து நிப்பே, பாதியில மூடி வைக்கணும். ஒரு நாளாவது நிதானமா தலைக்குக் குளிச்சிருக்கியா நீ?"

"உங்க பையன்..."

"உன்னைத் தனியா விடாதேன்னான். பேனா குடுக்காதேன்னு சொல்லலையே." முதலாளியின் முதுகைத் தட்டினார். "இன்னொண்ணு கேக்கணும். அந்த நாய் எதுக்கு? செவ்வாக்கிழமை குரைச்சுது, அப்புறம் ஆளையே காணோம். குரைக்க விட்டா கடிக்க விடு. இல்லேன்னா எடுத்துடு."

நியாயமான கேள்வி. நாயை நான் மறந்தே போயிருந்தேன்.

"வா," என்றார்.

சமையலறையை ஒட்டிய சாமான் அறை. இஸ்திரி மேஜையைத் துடைத்து வைத்திருந்தார். அதன்மேல் பழைய தாள்கள், பின்பக்க வெள்ளை மேலே தெரியும்படி. ஃபிரிட்ஜில் தொங்கிய பேனா, கயிற்றோடு. ஓரத்தில் கணவரின் மாதிரி பெயின்ட் டப்பாக்கள். மேலே கையகல ஜன்னல்.

"நாலு மணி வரைக்கும் உனக்கு. பாட்டில்ல எடுத்து வச்ச பால் இருக்கு."

"அழுதா?"

"அழுவான். நான் என்ன செத்தா போயிட்டேன்? அவன் அழுதா நீ ஓடி வந்துடுவே, அதான் எனக்குப் பயம்." இடுப்பிலிருந்து ஒரு பூட்டை எடுத்தார். அவருடைய துணிப்பெட்டிப் பூட்டு.

"அத்தை, பூட்டு வேணாம். சும்மா தாழ் போடுங்க."

"தாழ் போட்டா உள்ளேருந்து ஆட்டி ஆட்டித் திறந்துடலாம். நான் பார்த்துட்டேன்."

எதற்காகப் பார்த்தார் என்று கேட்கவில்லை. உள்ளே போனேன். பேனாவை எடுப்பதற்குள் முதலாளி வீறிட்டார். என் சட்டையின் முன்பக்கம் நனைந்தது. திரும்பி இரண்டடி வைத்தேன்.

அத்தை என் முகத்தைப் பார்த்தபடியே கதவைச் சாத்தினார். வளையத்தில் பூட்டு நுழைந்தது. சாவி ஒரு சுற்று சுற்றியது.