பாழடைந்த கோயிலுக்குச் சுண்ணாம்பு

ஜெஸ்னாவுக்குத் தலையில் கை வைத்து உட்காரத்தான் தோன்றியது. எஸ்டேட்டின் பழைய கல் சர்ச், கூரை விழுந்து, பாசி படர்ந்து, அவள் கண்ணுக்குப் பேரழகாய் நின்ற கோயில், பளிச்சென்று வெள்ளையடித்து நின்றது. வாசலில் குருத்தோலைத் தோரணம் வேறு.

குமுளியில் மாடிப்படிக்கு அடியில் அவளுடைய ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், மிஞ்சிப்போனால் ஒரு ஞானஸ்நானம். போன மழையில் இந்தக் கோயிலை எடுத்து இணையத்தில் போட்ட ஒரே ஒரு படம், எர்ணாகுளத்து ஜோமோனையும் அவன் கட்டிக்கொள்ளப்போகும் ஜிஸ்மியையும் இழுத்து வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் இதே பாசிச் சுவர் முன் எங்களைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். பிடித்துப்போனால் கல்யாணப் படம் எடுக்கும் வேலையும் அவளுக்குத்தான். இல்லையென்றால் பழையபடி, "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க."

எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் அப்பா பவுல்ராஜ் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். மீசை வரைக்கும் சுண்ணாம்பு.

"எப்டி பாப்பா? லயத்துல அம்புட்டுப் பேரும் சேந்து அடிச்சோம். மொத மொதல்ல பெரிய எடத்துல இருந்து ஒன்னையத் தேடி வர்றாக. பாசி புடிச்ச சுவத்துலயா நிப்பாட்ட முடியும்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையோ, பேராயர் வருகையோ, முதலில் சுண்ணாம்பு வாளியைத் தூக்குவதுதான் அந்தச் சபை தெரிந்துவைத்திருக்கும் மரியாதை. நேற்று போனில் "எல்லாம் ரெடி" என்று அவர் சொன்னபோதே இவள் உஷாராகியிருக்க வேண்டும். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையெல்லாம் சுண்ணாம்பில் வெந்திருக்க, அவர் நின்று சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கினாள்.

அப்பா கட்டன் சாயா போடப் போன நேரம் கார் வந்தது. ஜிஸ்மி இறங்கி செல்போனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி செல்போனைப் பார்த்தாள். ஜோமோனுக்கு முகம் சிவந்துவிட்டது. எந்தக் கிறுக்கன் செய்த வேலை என்று மலையாளத்தில் கேட்டவன், பதிலுக்கு நிற்காமல், தூரத்தில் சுண்ணாம்பு மீசையோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவரை நோக்கி விறுவிறுவென்று நடந்தான்.

ஜெஸ்னா குறுக்கே போய் நின்றாள். நான்தான் அடிக்கச் சொன்னேன் என்றாள், அவனுடைய மலையாளத்திலேயே.

அப்புறம் பேச என்ன இருக்கிறது? இந்த ரசனைக்காரியை நம்பியா கல்யாணத்தை ஒப்படைப்பது என்று ஜிஸ்மி முணுமுணுத்தாள். கார் வந்த வழியே மலையிறங்கிப் போனது.

அப்பா தட்டு நிறைய கிளாஸோடு ஓடி வந்தார். "என்ன பாப்பா, சாயா கூடக் குடிக்காமப் போறாக?"

"இன்னைக்கு வெளிச்சம் சரியில்லப்பா. இன்னொரு நாளு வருவாக."

அவர் வானத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அதுவும் நல்லதுதான். அதுக்குள்ள இன்னொரு கோட்டு அடிச்சிருவோம். ஒரு கோட்டுல பாரு, பாசி இன்னும் லேசாத் தெரியுது."

தெரியத்தான் செய்தது. ஜெஸ்னாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஆமாப்பா," என்றாள். "அடிச்சிருங்க."