இடப்பக்கம் மூன்று கொஞ்சல்

பொனவெந்துரா கம்பெனியின் சாசேஜ் எந்திரம் முதன்முதலாக ஆங்கிலத்தில் பேசியபோது, இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் ஒரு தொழிற்சாலையே வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தது.

எந்திரத்துக்கு முன்பே போன கையேட்டின் மொழிபெயர்ப்பு, முதலாளி பொனவெந்துராவின் மருமகன் ஜோஃப்ரேவின் கைங்கரியம். விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். லண்டனில் மூன்று வாரம் இருந்தவர் என்பதால் வீட்டில் ஆங்கிலம் என்றாலே அவர்தான். அவரும் கையேட்டைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். ஸ்பெயினின் வடகிழக்கில் அவர்கள் பேசும் கதலான் மொழியில் திருகாணிக்கும் நத்தைக்கும் ஒரே பெயர். நட்டும் பெண்ணினமும் ஒரே சொல். பேரிங் என்றால் குட்டித் தலையணை, சிலிண்டருக்குள் போடும் உறை என்றால் சட்டை, ஜாக்கி என்றால் பூனை. பட்டறையில் யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. கம்ப்யூட்டருக்கு வந்தது. “நான்கு நத்தைகளையும் அவற்றின் பெண்களோடு சேர்த்து இறுக்குங்கள். சட்டை கிழிந்திருந்தால் பூனையைக் கொண்டு தூக்குங்கள்” என்று எழுதிக் கொடுத்தது.

ஆங்கிலேயர்கள் சிரித்து முடித்துவிட்டு மிக மரியாதையாக ஒரு கடிதம் போட்டார்கள். நத்தைகள் உயிரோடு அனுப்பப்படுமா, அப்படியானால் சுங்கத்துறையிடம் தனி அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள்.

அந்தக் கடிதம் வந்த அன்று மாலையே பொனவெந்துரா எலிசெண்டாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

எலிசெண்டாவுக்கு வயது நாற்பத்தாறு. விக் நகரின் சந்தைச் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, பத்தொன்பது வருடமாக பம்புகளையும் தறிகளையும் லிஃப்டுகளையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். நாவல் மொழிபெயர்ப்பவர்களைக் கண்டால் அவளுக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். நாவலில் ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் வாசகன் அதை ஆழம் என்று எண்ணிக்கொள்வான். கையேட்டில் ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் யாருடைய விரலாவது போய்விடும்.

பதினோரு நாள் வேலை மளமளவென்று ஓடியது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் நின்றது.

“அரை மணிக்கு ஒருமுறை, இடப்பக்கம் மூன்று கொஞ்சல் கொடுக்கவும்.”

கொஞ்சல் என்றேதான் இருந்தது. குழந்தையின் கன்னத்தைத் தாய் உள்ளங்கையால் தடவுகிறாளே, அதற்குக் கதலானில் உள்ள சொல். ஏழு அகராதிகளைப் புரட்டினாள். கலைச்சொற்களைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். இரண்டு நாள் கழித்து ஒரு பெண்மணி திருப்பிக் கூப்பிட்டார்.

“அந்த வார்த்தை குழந்தைங்களுக்கு மட்டும்தான் செல்லும் மேடம். எந்திரங்களுக்கும் சேர்த்து நீட்டிக்கணும்னா ஒரு குழு போடணும். மனு குடுக்கறீங்களா?”

எலிசெண்டா மனு கொடுக்கவில்லை. மறுநாள் காலை மூடுபனியில் வண்டி ஓட்டிக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டாள்.

ஒன்பது மணி. பட்டறை ஆட்கள் நீள மேசையில் உட்கார்ந்து வறுத்த புத்திஃபார்ரா சாசேஜும் வெள்ளை மொச்சையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நடுவில் ஒயின் கூஜா. மேசையின் ஒரு கோடியில் ஃபோர்மேன் நர்சீஸ். அறுபது வயது, தோள்கள் கதவு அகலம்.

“சாப்பாட்டு நேரத்துல வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க நர்சீஸ். ஒரே ஒரு சந்தேகம். இந்தக் கொஞ்சல்னா என்ன?”

மேசை முழுக்கத் தட்டைப் பார்த்துக் குனிந்து சிரித்தது.

“ஏம்மா, இதெல்லாம் வீட்டுல கேட்கற கேள்வி இல்லையா?” என்றான் ஒருவன்.

“வீட்டுல ஆள் இல்ல. அதான் அனுபவஸ்தங்க கிட்ட கேட்கலாம்னு வந்தேன். நீயே கைய மொச்சைக்குள்ள வெச்சுக்கிட்டு உட்காந்திருக்க. உனக்கெங்க தெரியப்போகுது?”

இப்போது மேசை அவன் பக்கம் திரும்பிச் சிரித்தது. நர்சீஸ் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வாம்மா. காட்டறேன்.”

எந்திரத்தை ஓடவிட்டார்கள். இருபத்தெட்டு நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு முனகியது. தொண்டை அடைத்தவனைப் போல இரண்டு முறை கமறிவிட்டு நின்றது. நர்சீஸ் ஆணியில் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்த மரச் சுத்தியலை எடுத்தார். வால்வுப் பெட்டியின் இடது கன்னத்தில் டமார், டமார், டமார். எந்திரம் ஒரு பெருமூச்சு விட்டு ஓடத் தொடங்கியது.

“உள்ள கொழுப்பு குளிர்ந்து வால்வுல ஒட்டிக்குது. தட்டினா விட்டுடும்” என்றார்.

“வலப்பக்கம் அடிச்சா?”

“கோவிச்சுக்கும்.”

“இதுக்கா கொஞ்சல்னு பேரு?”

“கையேடு எழுதினது முதலாளியோட அப்பா. ‘அடி’ன்னு மட்டும் எழுதக் கூடாதுன்னுட்டார். எந்திரத்தையும் வித்துட்டு அதை அடிக்கவும் சொன்னா எவன் வாங்குவான்?”

“வால்வைச் சரி பண்ணிடலாமே?”

“முப்பத்தியோரு வருஷமா நானும் அதைத்தான் சொல்றேன். வால்வை மாத்தணும்னா வார்ப்பை மாத்தணும். வார்த்தைய மாத்தறது சுலபம் பாரு.”

எலிசெண்டா சந்தோஷமாக வீடு திரும்பி ஒரே வரியில் எழுதினாள்: அரை மணிக்கு ஒருமுறை வால்வுப் பெட்டியின் இடப்பக்கத்தை மரச் சுத்தியலால் மூன்று முறை அடிக்கவும். அதில் ஒரு சொல் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. அவளுக்கே அந்த வரி பிடித்திருந்தது.

பொனவெந்துராவுக்குப் பிடிக்கவில்லை. ஜோஃப்ரே அதைக் கதலானில் சொல்லச் சொல்ல அவர் காது மடல்கள் சிவந்துகொண்டே போயின.

“இங்கிலீஷ்காரன் நம்ம எந்திரத்தை அடிக்கறதா?”

“நீங்க அடிக்கறீங்களே முதலாளி.”

“அது குடும்பத்துக்குள்ள! வெளியில சொல்ற விஷயமா அது? என் அப்பா எவ்வளவு நாசூக்கா எழுதி வெச்சிருக்கார்! அந்த மாதிரி இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை கிடையாதா? உங்களைப் படிச்சவங்கன்னு சொன்னாங்களே!”

அந்தக் கடைசிக் கேள்விதான் அவளைச் சுட்டது. காகிதத்தை வெடுக்கென்று இழுத்து, முழுக்க முழுக்க நக்கலாக, ஆங்கிலத்தில் கிறுக்கி நீட்டினாள். ஜோஃப்ரே வாங்கிக் கதலானில் சொன்னார்: “கைவழித் தாக்குநிலைச் சீரமைப்பு. இடப்பக்கம், மூன்று சுழற்சிகள்.”

முதலாளி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

“இன்னொரு தடவை சொல்லு” என்றார் பொனவெந்துரா. ஜோஃப்ரே சொன்னார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. “இதான்மா! இதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது!”

அவள் அந்த இடத்திலேயே அதை வாங்கிக் கிழித்திருக்க வேண்டும். ஆனால் முதலாளி ஹாம் இறைச்சி அழுத்தும் எந்திரத்தின் கையேட்டையும் அவளிடமே கொடுப்பதாக அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிட்டார். எலிசெண்டா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்று முழுவதும் நாக்கில் ஏதோ கசந்தது.

எந்திரம் லிங்கன்ஷையர் போய்ச் சேர்ந்து ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. சீரமைப்புக்கான கருவி பெட்டியில் காணவில்லையே, அதை இயக்க எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி யார் தருவார்கள் என்று கேட்டிருந்தார்கள். ஜோஃப்ரேவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மரச் சுத்தியலுக்கு வரிசை எண் பொறித்து, நீல வெல்வெட் மெத்தை வைத்த பெட்டியில் கிடத்தி அனுப்பிவைத்தார். நர்சீஸுக்கு ஒரு வெள்ளைக் கோட்டும் விசிட்டிங் கார்டும் வந்தன.

“ஏம்மா, நான் இப்ப யார் தெரியுமா?” என்று போனில் கேட்டார். “தாக்குநிலைச் சீரமைப்பு முதன்மை வல்லுநர். கார்டைப் பாத்துட்டு என் பொண்டாட்டி, எதுக்கும் டாக்டரைப் போய்ப் பாருங்கன்னா.”

எலிசெண்டாவும் சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை, ஆனால் நன்றாகவும் இல்லை.

மார்ச் மாதம் லிங்கன்ஷையரிலிருந்து அவர்களுடைய எஞ்சினியரே நேரில் வந்துவிட்டார். ஓக்ஸ் என்ற பெண்மணி. குரல் கனம், பூட்ஸில் சேறு. பொனவெந்துரா, ஜோஃப்ரே, நர்சீஸ் மூவரும் மேசைக்கு அந்தப் பக்கம். இரு தரப்புக்கும் நடுவே எலிசெண்டா. எடுத்த எடுப்பிலேயே ஓக்ஸ் விஷயத்துக்கு வந்தார்.

“எங்க ஆள் ஒருத்தன், டெரெக்னு பேரு. எந்திரம் நின்ன எரிச்சல்ல ஒரு உதை விட்டுட்டான். அது ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஆனா அனுமதியில்லாம, பயிற்சியில்லாம, கருவியும் இல்லாம சீரமைப்பு செஞ்ச குத்தத்துக்கு அவனை வேலைய விட்டு நிறுத்தி வெச்சிருக்கோம். மூணு வாரம் ஆச்சு. உங்க உத்தரவாதம் ரத்தாகுமான்னு தெரியணும்.”

ஜோஃப்ரேவின் லண்டன் ஆங்கிலத்துக்கு அந்த உச்சரிப்பு எட்டவில்லை. முகத்தில் புன்னகையை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன சொல்றாங்க?” என்றார் பொனவெந்துரா.

எலிசெண்டா அவரைக் கையமர்த்தினாள். ஓக்ஸைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள். “உதைச்சது இடப்பக்கமா?”

“ஆமா.”

“எத்தனை உதை?”

“ரெண்டுன்னு சாட்சி சொல்லியிருக்காங்க.”

“மூணு விட்டிருக்கணும். நாங்க பெட்டியில அனுப்பின மரச் சுத்தியலால அடிச்சா இன்னும் நல்லது. அந்தப் பெரிய வார்த்தைக்கு மொத்த அர்த்தமும் அவ்வளவுதாங்க. டெரெக் மேல ஒரு தப்பும் இல்ல.”

“அந்த வார்த்தையை எழுதினது யாரு?”

“நான்தான். அவருக்கு வெட்கம், எனக்குக் கோபம். ரெண்டும் சேர்ந்து பெத்த பிள்ளை அது.”

ஓக்ஸ் தன் குறிப்பேட்டை மூடி வைத்தார். பிறகு மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாஸ்கள் குலுங்கும்படி சிரித்தார். எழுந்து போய் பொனவெந்துராவின் கையைப் பிடித்து ஆட்டினார். எங்கள் பழைய எந்திரத்துக்கு இரும்புக் குழாய் வைத்திருந்தோம், இதற்கு மரமே போதும் என்பது பெரிய முன்னேற்றம் என்றார்.

“இப்பவாவது சொல்லும்மா, என்ன சொல்றாங்க?”

“உங்க முறை ரொம்ப இயல்பா இருக்காம் முதலாளி. சொல்லிக்குடுக்காமலே அவங்க ஆளுக்கு வந்துடுச்சாம். பழசைவிட இது பெரிய முன்னேற்றமாம்.”

இதில் பொய் ஏதும் இல்லை என்று அவள் மனதுக்குள் இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டாள். நர்சீஸ் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, இல்லாத இருமலை இருமிக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை டெரெக் வேலைக்குத் திரும்பினான். ஆங்கிலப் பக்கத்தைத் திருத்தினால் இன்னும் இரண்டு எந்திரம் வாங்குவதாக ஓக்ஸ் எழுதினார். எலிசெண்டா தன் பழைய வரியை அப்படியே போட்டு அனுப்பினாள். ஜோஃப்ரே அதை எழுத்துக்கூட்டிப் படித்தார், இரண்டு ஆர்டர்களையும் நினைத்துப் பார்த்தார், மாமனாரிடம் மூச்சு விடவில்லை.

ஆனால் பொனவெந்துராவுக்கு அந்தப் பெரிய பெயர் மனதில் பதிந்துவிட்டது. உள்ளூருக்கும் அதுவே இருக்கட்டும் என்று அப்பாவின் கொஞ்சலை எடுத்துவிட்டுப் புதிய சொல்லைக் கதலான் கையேட்டில் அச்சிட்டார். லிங்கன்ஷையரில் இன்று எல்லோரும் சாதாரணமாக அடிக்கிறார்கள். விக்கில்தான் வியாழன்தோறும் மாலை பட்டறை ஆட்கள் நான்கு பேர் வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறது.

முதல் வகுப்பில் நர்சீஸ் வெள்ளைக் கோட்டோடு நின்று, பலகையில் எழுதியிருந்த விளக்கத்தை இரண்டு முறை வாசித்தார். அவருக்கே புரியவில்லை. ஹாம் எந்திரத்தைப் பார்க்க வந்திருந்த எலிசெண்டாவைக் கையோடு கூட்டி வந்தார்.

“எழுதினவ நீதானே, நீயே சொல்லு.”

“இடப்பக்கம் மூணு அடி” என்றாள் அவள்.

பின்வரிசையில் ஒருவன் கவனமாகக் குறித்துக்கொண்டு தலையைத் தூக்கினான். “பரீட்சையிலயும் இப்படியே எழுதலாமா?”

நர்சீஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“எழுதிப் பாரு. ஃபெயில் போட்டுடுவேன்.”