அம்மனுக்கு முன்னால் ஒரு கார்

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை மணி. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில் நின்ற சிவப்புக் காருக்குள், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தாரணி கடுப்பில் உட்கார்ந்திருந்தாள். வந்து ஒரு மணி நேரமாகிவிட்டது. அவள் தயார், வண்டி தயார். வண்டியின் சொந்தக்காரர் சுவாமிநாதன்தான் விடவில்லை.

"இப்போ ராகுகாலம்மா. ஆறு அடிக்கட்டும், அப்புறம் நீ என்ன வேணா பண்ணு" என்று சொல்லி, அவளுக்கு இரண்டாவது காபியையும் கொண்டுவந்து நீட்டினார். கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். இயற்பியல் வேறு, ராகுகாலம் வேறு என்று அவருக்குள் ஏதோ ஒப்பந்தம் இருந்திருக்க வேண்டும்.

நடக்க வேண்டிய வேலை இதுதான். இந்தக் காலத்துக் காரில் எஞ்சினுக்கென்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. எப்போது எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி, டர்போ எவ்வளவு காற்றை உள்ளே தள்ளலாம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்யும். கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி, எல்லாவற்றையும் அடக்கித்தான் வைப்பான். அந்தக் கணக்கை மாற்றி எழுதினால் அதே எஞ்சின் பாய்ச்சல் காட்டும். இதுவரை தாரணி யார் யாரோ எழுதி விற்ற ஃபைல்களை வாங்கித்தான் வண்டிகளில் ஏற்றியிருக்கிறாள். இது மூன்று மாதம் கண் எரிய உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாக அவளே எழுதியது. இதுதான் முதல் முறை. நினைத்தாலே அவளுக்குக் கை பரபரத்தது.

பரபரப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. அடையாறில் இந்த வேலைக்கென்றே ஒர்க்‌ஷாப் நடத்துகிற ஆயத் என்ற பெண்மணி, "ஒரு சீட் காலியா இருக்கு. அடுத்தவன் ஃபைலை என்கிட்ட காட்டாதே. நீயே எழுதின வண்டி ஒண்ணைக் கொண்டுவா, ஓட்டிப் பார்க்கறேன். ஞாயிறு ஏழு மணிக்குப் பூட்டிடுவேன். மறுநாள் வேற ஆள் சேருது" என்று சொல்லியிருந்தாள். இன்னொரு பக்கம், தெற்கத்தி ஊரிலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்பா தனபாலன், "மாசி முடியட்டும். அதுக்குள்ள ஒண்ணும் அமையலைன்னா பேசாம பில் போட வந்துரு" என்று கெடு வைத்திருந்தார். மாசி முடிய நாலு நாள்தான் இருந்தது.

ஆறு அடித்தது. "பேஷா ஆரம்பிச்சுக்கோ!" என்றார் சுவாமிநாதன்.

ஜன்னல் வழியாக வீட்டு பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து, பேட்டரி சார்ஜரில் மாட்டி, சார்ஜரை காரின் பேட்டரியில் கவ்வவிட்டு, முழுதாக மூட முடியாத பானெட்டை ஒரு கயிற்றால் கட்டினாள். எஞ்சின் ஓடக் கூடாது, சாவி மட்டும் போட்டிருக்க வேண்டும், மின்சாரம் இறங்கவே கூடாது. அரை மணி நேரம். பொத்தானை அழுத்தினாள். பழைய கணக்கு முழுதாக அழிந்தது. புதியது ஏற ஆரம்பித்தது. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம். இனி நடுவில் நின்றால் பழசும் இல்லை, புதுசும் இல்லை. கார் வெறும் தகரம்.

முப்பத்தேழு சதவீதத்தில் பம்பைச் சத்தம் கேட்டது.

நல்ல நேரம் பார்க்கிறவர்களுக்கு ஒன்று மட்டும் தோன்றுவதே இல்லை. ஊரில் எல்லோர் வீட்டிலும் ஒரே காலண்டர்தான் தொங்குகிறது! ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் முடிய ஆறு மணி என்றால் எல்லோருக்கும்தான் ஆறு மணி. தெருக்கோடி அம்மன் கோயில்காரர்களும் அதற்காகவேதான் காத்திருந்து, சரியாக ஆறு மணிக்கு அம்மனைத் தூக்கியிருந்தார்கள். பம்பை முன்னே வர, அதன் பின்னால் ஜெனரேட்டர் வண்டி, அதற்கும் பின்னால் பூப்பல்லக்கு. சந்தோ ஒரு காரும் ஒரு மாடும் ஒதுங்க முடியாத அகலம்.

"ஐயையோ, இன்னிக்குப் புறப்பாடு! நேக்கு மறந்தே போச்சே!" என்று சுவாமிநாதன் தலையில் கை வைத்தார்.

ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த வடிவேலு கார் ஜன்னலோரம் வந்து நின்றான். "இன்னா மேடம், வண்டிய நட்ட நடுவுல போட்டுக்கினு குந்திக்கீறீங்கோ? பின்னால ஆத்தா வர்து. எடுங்க, எடுங்க!"

"ஸ்டார்ட் பண்ணக் கூடாதுண்ணே. உள்ள கம்ப்யூட்டர்ல எழுதிட்டிருக்கு. நின்னா வண்டி செத்துடும்."

"அப்போ தள்ளு!"

"தள்ளலாம். ஆனா கரெண்ட் வீட்டுலேருந்து வருது. ஒயர் வராது."

சொல்லும்போதே அவள் கண் அவன் வண்டியில் விழுந்தது. டபடபவென்று அலறும் ஜெனரேட்டர். அதன் பக்கத்தில் வரிசையாகப் பிளக் போர்டு. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அண்ணே, அண்ணே! ஒரே ஒரு பிளக் குடுங்கண்ணே. எழுநூறு வாட்ஸ்தான்!"

வடிவேலு அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அம்மன் கரெண்ட்டுல காரு ஓட்டப் போறியா? சர்தான், குத்து!"

"சார், பிடுங்குங்க!" என்று தாரணி கத்தினாள். சுவாமிநாதன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிப் பிளக்கைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தார். திரையில் பேட்டரி அளவு சரசரவென்று இறங்கியது. பன்னிரண்டே கால் வோல்ட். பன்னிரண்டு. பதினொன்றே முக்கால். பேட்டரி கிழடு, ரேடியேட்டர் ஃபேன் வேறு தன்பாட்டுக்குச் சுற்றி அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்குக் கீழே போனால் கதை முடிந்தது. வடிவேலு பிளக்கைச் செருகினான். அது கழன்று விழுந்தது. மறுபடி செருகினான். திரும்பவும் விழுந்தது.

"பதினொண்ணு புள்ளி ஆறு!" அவள் குரல் பம்பையை மீறிக் கேட்டது.

"ஓட்டை லூசா கீது மேடம். நானே அமுக்கிப் புடிச்சிக்கினு வரேன், நீ கெளம்பு!" உள்ளங்கையால் பிளக்கை அமுக்கிப் பிடித்தான். அளவு துள்ளி ஏறியது. பதின்மூன்றரை! தாரணி "ஆத்தா!" என்று கத்தியேவிட்டாள்.

இப்படித்தான் அந்த ஊர்வலத்தில் ஒரு கார் சேர்ந்தது. பம்பைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட, பின்னாலிருந்து நாலு பேர் தோள் கொடுத்தார்கள். எஞ்சின் ஓடாததால் ஸ்டியரிங் கல்லாக இறுகியிருந்தது. சுவாமிநாதன் இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டு திருப்பினார். பக்கத்து சீட்டில் தாரணி திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சதவீதத்தை உரக்கச் சொல்ல, தள்ளுகிறவர்களுக்கு அது ஏலப்பாட்டு மாதிரி ஆகிவிட்டது. "ஐம்பது!" என்றால் "ஓம் சக்தி!" "ஐம்பத்தொண்ணு!" "ஓம் சக்தி!" காரும் ஊர்வலத்தில் சேர்த்திதான் என்று நினைத்துக்கொண்டு, வேலம்மா என்ற பூக்காரி பானெட்டில் மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, கண்ணாடியில் ஒரு முழம் சாமந்தியையும் மாட்டிவிட்டுப் போனாள். தடுக்க யாருக்கு நேரமிருந்தது?

சந்து முனைக்கு வந்தபோது தொண்ணூற்று நாலு. நன்றாக இருட்டியிருந்தது. பல்லக்கு நின்றது. பம்பையும் நின்றது.

வடிவேலுவின் முகம் மாறியது. "மேடம், இங்கதான் தீபாராதனை. கரெண்ட்ட நிறுத்திடுவோம். கற்பூர வெளிச்சத்துல மட்டும்தான் ஆத்தா மூஞ்சியப் பாக்கணும். காலங்காலமா அதான் வழக்கம்."

"இன்னும் ரெண்டு நிமிஷம்ணே!"

"பூசாரி கை தூக்கிட்டாரு மேடம்."

தாரணியின் மூன்று மாத வேலை, ஆயத்தின் அந்த நாற்காலி, எல்லாம் ஒரு சுவிட்சில் நின்றது. வடிவேலு பூசாரியைப் பார்த்தான், அம்மனைப் பார்த்தான், தன் கையில் அமுங்கியிருந்த பிளக்கைப் பார்த்தான். பிறகு மற்றக் கையால் போர்டிலிருந்த லைட் ஒயர்களை மட்டும் ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தான். சீரியல் செட் அணைந்தது. டியூப் லைட்டுகள் அணைந்தன. ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"யோவ், சத்தம்!" என்று யாரோ அதட்டினார்கள்.

"வெளக்கத்தான் அணைக்கணும். மோட்டார நிறுத்தணும்னு எவன் சொன்னான்?" என்றான் வடிவேலு.

கற்பூரம் எரிந்தது. இருட்டில் மின்னிய இன்னொரு வெளிச்சம் தன் லேப்டாப்தான் என்பது உறைத்ததும் தாரணி துப்பட்டாவால் திரையை மூடி, உள்ளே தலையை நுழைத்துக்கொண்டாள். தொண்ணூற்று எட்டு. தொண்ணூற்று ஒன்பது. வெளியே எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நூறு!

"சார், ஆஃப் பண்ணுங்க. பத்து எண்ணுங்க. இப்போ ஸ்டார்ட்!"

முதல் சுற்றிலேயே எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது. கூட்டம் விசிலடித்தது. சுவாமிநாதனுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கற்பூரப் புகை என்று அவர் சொல்லிக்கொண்டார். தாரணி இறங்கி ஓடி வடிவேலுவின் கையைப் பிடித்தாள். உள்ளங்கை சிவந்து, பிளக் அச்சு அப்படியே பதிந்திருந்தது. "போ மேடம், போ. டயமாவுது" என்றான்.

அடையாறு பாலத்தில் அவள்தான் ஓட்டினாள். பச்சை விழுந்தது. இரண்டாம் கியரில் மிதித்தாள். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது போல கார் பாய்ந்தது. அவள் எழுதிய ஒவ்வொரு எண்ணும் காலுக்கடியில் உயிரோடு இருந்தது. பின் சீட்டில் சுவாமிநாதன், "அடேயப்பா! இது என் வண்டிதானா?" என்று குழந்தையாகக் கூவினார். தாரணி வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அதுவரை வந்ததே இல்லை.

ஏழுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது ஒர்க்‌ஷாப்பில் நுழைந்தார்கள். ஆயத் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். குங்குமத்தையும் சாமந்தியையும் பார்த்தவள் ஒன்றும் கேட்காமல் சாவியை வாங்கிக்கொண்டு தனியாக ஒரு சுற்று போய்வந்தாள். பிறகு லேப்டாப்பில் பதிவைத் திறந்து, பேட்டரியின் வோல்ட் அளவைக் காட்டும் கோட்டில் ஆழமாக விழுந்திருந்த பள்ளத்தில் விரலை வைத்தாள்.

"இங்க பதினொண்ணு புள்ளி ஆறு. என்ன ஆச்சு?"

தாரணி ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆயத் ஷட்டரில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கச் சிரித்தாள். "நான் ஏசி ரூம்ல உக்காந்துகிட்டே மூணு வண்டியைக் கொன்னிருக்கேன். நீ சாமி ஊர்வலத்துல ஏத்திக் கொண்டாந்திருக்கே. எழுத்தும் சுத்தமா இருக்கு. நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடு."

தாரணி வெளியே வந்து அப்பாவுக்கு போன் போட்டாள். கடைக் கூட்டத்தின் இரைச்சல் அந்தப் பக்கம் கேட்டது.

"அப்பா, எனக்கு வேலை கிடைச்சுட்டு. கடைக்கு வரமாட்டேன்."

தனபாலன் யாரிடமோ "அந்தச் சேலையை எடுத்துக் காட்டுப்பா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏளா, நம்ம கடை வேன் லோடு ஏத்துனா பாலத்துல ஏற மாட்டேங்குல்லா. அதுக்கும் எதாச்சும் எழுத முடியுமா?"