ஏழு மீட்டருக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது

ஹிலோலா அந்த முப்பத்திரண்டு பாப்ளர் மரங்களையும் மூன்று முறை அளந்தாள். முதல் முறை கருவி பதினெட்டு மீட்டர் காட்டியது. இரண்டாம் முறை பதினெட்டரை. மூன்றாம் முறை அளந்தது நப்பாசையில்தான். கருவிக்கு ஆசை பாசமெல்லாம் ஏது? பத்தொன்பது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தது.

விமான நிலையத்தின் ஓடுபாதையைக் கிழக்குப் பக்கம் நீட்டியிருந்தார்கள். இனி பெரிய விமானங்கள் அவர்கள் தெருவின் தலைக்கு மேலேயே தாழ்ந்து இறங்கும். அதனால் வாய்க்கால் தெருவில் மரமோ மாடியோ புகைபோக்கியோ ஏழு மீட்டருக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. உயரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்ததே இரண்டு பேர். தலைவர் மஹ்காம், அவருக்குக் கீழே ஹிலோலா. அளப்பவளும் அவள், நோட்டீஸில் கையெழுத்துப் போடுபவளும் அவள். சொந்த வீட்டுக் கோப்பில் மட்டும் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. அவள் அம்மாவின் வீட்டு டிஷ் கம்பத்துக்குக்கூட மஹ்காம்தான் கையெழுத்துப் போட்டார்.

"உங்கம்மா நாலு சம்சாவ குடுத்து உன்னச் சரிக்கட்டிட்டா? விதின்னா விதிதான்" என்றார். பிறகு அந்த நாலு சம்சாவையும் அவரே தின்றார்.

பாப்ளர் மரங்கள் எதிர்வீட்டு துரோப் மாமாவுடையவை. மகன் ரவ்ஷான் பிறந்த வாரத்தில் அவர் நட்டவை. மகன் பிறந்தால் மரம் நடுவதும், அவன் கல்யாணத்துக்கு அதை வெட்டிப் புது வீட்டுக்கு உத்தரம் போடுவதும் அந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் செய்வதுதான். பாப்ளர் தோப்பில் ரம்பச் சத்தம் கேட்டால் பெண்கள் யாரையும் விசாரிக்க மாட்டார்கள். நேரே போய் ரொட்டி அடுப்பை மூட்டுவார்கள். மாப்பிள்ளை வீட்டு ரொட்டியைப் பெண்ணின் அம்மா உடைத்தால் அங்கே நிச்சயம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ரவ்ஷானுக்கு இப்போது இருபத்தொன்பது. எல்லை தாண்டி அல்மாட்டி நகரத்தில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறான். ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஹிலோலாவுக்குப் போன் செய்கிறான். காற்றைப் பற்றிப் பேசுவான், வாசல் பாதாமி மரம் காய்த்ததா என்று கேட்பான், "என் மரமெல்லாம் எப்படி இருக்கு?" என்பான். பேச வேண்டிய ஒன்றை மட்டும் பேச மாட்டான். எண்பது மீட்டர் உயரத்தில் பயமில்லாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தரையில் இருக்கும் ஒருத்தியிடம் வாய் திறக்க அவ்வளவு பயம். வாய்க்கால் தெரு ஆண்களே அப்படித்தான்.

அந்த மரங்கள் நிற்கும் வரை அவன் இன்னும் யாருக்கும் நிச்சயமாகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் ஜன்னலைத் திறந்து, நிற்கின்றன என்று பார்த்துக்கொண்டுதான் அவள் வேலைக்குக் கிளம்புவாள். இப்போது அவற்றைச் சாய்க்கும் தாளில் அவளே கையெழுத்துப் போட்டாள். போடாமல் என்ன செய்வாள்? விமானத்தில் நூற்றைம்பது பேர் இருப்பார்கள் அல்லவா?

நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் துரோப் மாமா கண்ணாடியை மாட்டாமலே படித்துவிட்டார்.

"உன்னை நான் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்மா."

"தெரியும் மாமா."

"கல்யாணமே இல்லாம இதை வெட்டினா ஊரு என்ன பேசும்? பையன் இனிமே திரும்ப மாட்டான், அப்பனே கைகழுவிட்டான்னு பேசாது?"

"ஏழு மீட்டர்தான் மாமா. நான் என்ன செய்ய?"

"தலைய மட்டும் கழிச்சு விட்டா?"

"வெட்டின எடத்துல வருஷத்துக்கு ரெண்டு மீட்டர் துளிர்க்குமே. அடியோடதான் எடுக்கணுமாம்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். "டீ குடிச்சிட்டுப் போ" என்றார். கோபத்திலும் டீ கொடுக்காமல் அனுப்ப அவருக்குத் தெரியாது. ஆனால் கோப்பையை விளிம்பு வரை நிரப்பித் தந்தார். சீக்கிரம் கிளம்பு என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம். ஹிலோலா ஒரே மடக்கில் குடித்து, வாயைச் சுட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கெடு முடியும் அன்று காலை விமான நிலைய ஆட்கள் ரம்பத்தோடு வந்தார்கள். முதல் மரம் சாய்வதற்குள் மூன்று வீடுகளில் மாவு பிசைந்தாகிவிட்டது. ஐந்தாவது மரம் விழும்போது தெருப் பெண்கள் சுடச்சுட ரொட்டியைத் துணியில் மூட்டைகட்டிக்கொண்டு துரோப் மாமா வீட்டு வாசலில் நின்றார்கள். "முபாரக்! முபாரக்! பொண்ணு எந்த ஊரு?" உண்மையைச் சொல்லி வந்த ரொட்டியைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் மாமாவுக்கு இல்லை. வாங்கி வாங்கி அடுக்கினார். வந்தவர்களில் ஹிலோலாவின் அம்மாவும் ஒருத்தி. கெடு தேதி தெரிந்திருந்தும் ரம்பச் சத்தம் கேட்டதும் அவள் கையும் தானாக மாவுப் பானைக்குத்தான் போயிருந்தது.

யாரோ ஒரு சித்தப்பா மகன் மரங்கள் விழுவதைப் படம் பிடித்து அல்மாட்டிக்கு அனுப்பிவிட்டான். பத்தே நிமிடத்தில் ஹிலோலாவின் போன் அடித்தது. அன்று செவ்வாய்க்கிழமை. ஆறு வருஷத்தில் ரவ்ஷான் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டதே இல்லை.

"ஹிலோலா, யாரு அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"அப்பா மரத்தை வெட்டுறாரு! என்னைக் கேக்காம எவளையோ பேசி முடிச்சிட்டாரு. யாருன்னு சொல்லு. நான் ஒத்துக்க மாட்டேன். வேலைய விட்டுட்டு இப்பவே பஸ் ஏறுறேன்."

கிரேன் கேபினில் காற்று உறுமுவது அவள் காதில் கேட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. உடனே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு வருஷம் பாதாமி பற்றியே பேசியவனைக் கொஞ்சம் தவிக்க விட்டால் என்ன?

"உங்களுக்குக் கல்யாணம்னா நல்ல சேதிதானே? ஏன் ஒத்துக்க மாட்டீங்க?"

"ஏன்னா கேக்குற? உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னாத்தானே?"

காற்று உறுமியது. பிறகு அவன் கத்தினான். கீழே கட்டடத்தில் வேலை செய்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "அந்த மரத்துல கட்டுற வீட்டுல நீதான் இருக்கணும்! வேற யாரு இருந்தாலும் எனக்கு வீடே வேண்டாம்!"

ஹிலோலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஓடுபாதை நீளுது. வெட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

"நீயா?"

"நான்தான்."

"நல்லாப் போட்ட போ!" என்று அவன் மூச்சு விட்டான். "சனிக்கிழமை வரேன். வந்து அப்பாகிட்ட நானே பேசுறேன். அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லிடாத."

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சந்தோஷம் தொண்டை வரை வந்து நின்றது, அப்படியும் சொல்லவில்லை. ஆனால் துரோப் மாமா சனிக்கிழமை வரை காத்திருக்கும் ஆள் இல்லை. உரித்த பாப்ளரை வெயிலில் போட்டு வைத்தால் வெடித்துவிடும். வாங்கிய ரொட்டிக்கும் ஊருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கல்யாணம் எப்போதாவது நடக்கட்டும், வீட்டை இப்போதே கட்டுவது என்று முடிவு செய்துவிட்டார். தெருவே கூடி வேலை செய்ய வரும் நாளையும் குறித்துவிட்டு, வியாழக்கிழமை கட்டட அனுமதி மனுவோடு விமான நிலைய அலுவலகத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாலரை மீட்டர்தான்" என்றார் முறைப்பாக. "அளந்து பாத்துக்கோ. ரெண்டு கண்ணாடி போட்ட ஜன்னல். உங்க ஏரோப்ளேன் சத்தம் உள்ள வராது. போடு கையெழுத்த."

ஹிலோலா மனுவை வரி விடாமல் படித்தாள். ஒரு குறையும் இல்லை. குடியிருக்கப் போவது யார் என்ற இடத்தில் மாமா 'மகன் ரவ்ஷான், வரப்போகும் மருமகள்' என்று எழுதியிருந்தார். அவள் பேனாவை எடுத்தாள். மறுபடி கீழே வைத்தாள்.

"இதுல நான் போட முடியாது மாமா."

"ஏன்? நாலரைகூடவா உங்களுக்கு ஆகாது? மரத்தை எடுத்துக்கிட்டீங்க, இப்ப வீட்டையும் வேண்டாங்கிறீங்களா?" மாமாவின் குரல் உடைந்தது. "அவன் திரும்பி வந்தா தலை சாய்க்க ஒரு கூரை வேண்டாமாம்மா?"

அவளால் தாங்க முடியவில்லை. வாய் திறந்து சொல்லவும் முடியவில்லை. முகம் காது வரை சிவந்தது. எழுந்து போய்க் கோப்பை மஹ்காமின் மேஜையில் வைத்தாள்.

"நீங்க போடுங்கண்ணா."

"உன் பகுதிதானே? நான் எதுக்கு?"

"விதி இருக்கேண்ணா" என்றாள் தரையைப் பார்த்தபடி. "உங்களுக்கே தெரியும்."

மஹ்காம் கோப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு கையெழுத்துப் போட்டு, முத்திரையை இரண்டு தடவை அழுத்திக் குத்தினார்.

"என்னய்யா விதி அது?" என்று துரோப் மாமா எரிச்சலோடு கேட்டார்.

"சொந்த வீட்டுக் கோப்புல யாரும் கையெழுத்துப் போடக் கூடாது" என்றார் மஹ்காம்.

மாமா தாளைக் கையில் வாங்கிக்கொண்டு கதவு வரை போனார். அங்கேயே நின்றார். திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றி அவள் மேஜைமேல் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"வீட்டுல முப்பது ரொட்டி கெடக்கு" என்றார். "காஞ்சு போறதுக்குள்ள உங்கம்மா வந்து ஒண்ண உடைப்பாங்களான்னு கேட்டுச் சொல்லும்மா."