சொட்டு போட்ட மூடி

தான் மாட்டின குழாயில் ஒரு சொட்டு ஒழுகாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் மார்தட்டியே பிளம்பருக்குச் 'சொட்டு' என்று பட்டப்பேர் விழுந்துவிட்டது. வெந்நீர் வைக்கக்கூட அடுப்படிப் பக்கம் போகாத மனுஷன், மகள் கல்யாண விருந்துக்கு நானே ஒயின் போடுகிறேன் என்று கிளம்பினார். பேக்கரிக்காரர்தான் வழி சொன்னார். திராட்சையைக் கழுவித் துடைத்து, நசுக்கி, சர்க்கரையும் ஆறின வெந்நீரும் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் சேர்த்து மூடி வைக்கணும். அவ்வளவுதான்.

மூடி வைக்கணும் என்றால் சும்மா மூடுவாரா சொட்டு? கண்ணாடி ஜாடியின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி, ரப்பர் வாஷர் போட்டு, மூடியை ரெஞ்சால் ஒரு திருகு திருகி, உள்ளறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் மூடி லேசாகத் தளர்ந்திருந்தது. "எங்கிட்டயேவா?" என்று இன்னும் ரெண்டு சுற்று டேப் போட்டார். அதற்கடுத்த நாளும் தளர்ந்திருந்தது. தினமும் இதே கூத்து. நேற்று வந்த ஆத்திரத்தில் பெரிய ரெஞ்சையே எடுத்துவிட்டார்.

இன்று மத்தியானம் பேக்கரியில் கை கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, இந்தப் பெருமையைத்தான் அளந்துகொண்டிருந்தார். பேக்கரிக்காரர் மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அட, என்ன காரியம்ணே பண்ணி வெச்சிருக்கீங்க! உள்ள காத்து கிளம்பும்ல? அது வெளிய போகணும். ஒரு துணியைக் கட்டி விட்டாலே போதும். இப்படி அடைச்சா ஜாடி வெடிச்சுக் கண்ணாடி பறக்கும்!"

சொட்டு தொட்டிக்கு அடியிலிருந்து சட்டென்று வெளியே வந்தார். அந்த அலமாரியை ஒட்டித்தான் மகள் மெத்தை போட்டுத் தூங்குவாள். நர்ஸ் வேலை. நைட் டியூட்டி முடிந்து வந்தால் போனை அணைத்துவிட்டு அடித்துப் போட்டமாதிரி கிடப்பாள். கூப்பிட்டுப் பார்த்தார். அணைத்துத்தான் வைத்திருந்தாள். தையல் கம்பெனியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார்.

"அந்த ஜாடியா? நாந்தான் தினம் காலைல தளர்த்தி விடுவேன், புஸ்ஸுன்னு சீறும். இன்னைக்கு என்னால அசைக்கவே முடியல. சாயங்காலம் பாத்துக்கலாம்னு வந்துட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

போனை அப்படியே பாக்கெட்டில் திணித்தார். ஓடினார். பின்னால் பேக்கரியில் கழற்றின குழாய் தரையெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது. ஜென்மத்தில் முதல்முறையாகச் சொட்டு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. எம்பொண்ணு முகம், எம்பொண்ணு கண்ணு என்று வழி நெடுக வாய் புலம்பியது. வீட்டுப் பூட்டைத் திறந்து பாய்ந்தார்.

உள்ளே மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே மூடி பூரி மாதிரி உப்பியிருந்தது. சத்தம் போடக்கூடப் பயந்து, மெத்தையோடு அவளை அடுத்த அறைக்கு இழுத்தார்.

"அப்பா! என்னப்பா பண்றீங்க?"

"எந்திரி சாமி. வெளிய போ. ஒண்ணும் கேக்காத."

அவள் தெருவுக்குப் போனதும் கம்பளியை ஜாடிமேல் போர்த்தி, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு ரெஞ்சைப் போட்டார். முதல் திருகில் அசையவில்லை. தான் சுற்றின டேப்பைத் தானே திட்டிக்கொண்டு மறுபடி திருகினார். பாம்பு மாதிரி சீறி, கம்பளியைத் தள்ளிக்கொண்டு நுரை கூரைவரை அடித்தது. ஜாடி உடையவில்லை. சொட்டு தரையில் உட்கார்ந்து, ஒயின் வழியும் முகத்தோடு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அடித்துப் பிடித்து வந்த மனைவி, மகளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்த பிறகுதான் கூரையைப் பார்த்தாள்.

"தினம் தளர்த்தினியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் சொட்டு.

"சொன்னா? 'எனக்கே மூடி போடச் சொல்லித் தர்றியா'ன்னு இன்னும் இறுக்கியிருப்பீங்க. உங்ககிட்ட எதைச் சொல்ல முடியுது?"

சொட்டு கையிலிருந்த ரெஞ்சை ஓரமாக வைத்தார்.

"வேற என்னத்தையெல்லாம் எனக்குத் தெரியாம தளர்த்தி வெச்சிருக்கீங்க?"

அம்மாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூஞ்சியக் கழுவிட்டு வந்து உக்காருங்கப்பா," என்றாள் மகள். "சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமாகும்."