இனித்த கிணறு

புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷம், ஹென்றி ரோச்சின் சரக்குக் கிட்டங்கி வளவில் இருந்த கிணறு தித்திக்க ஆரம்பித்தது. கடல் கல்லெறி தூரம். அந்த மண்ணில் வேப்பங்கன்று வைத்தால்கூட இலை கரிக்கும். அப்பேர்ப்பட்ட இடத்தில் தண்ணீர் இனிக்கிறதென்றால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து டீக்கடைக்காரர் சீனி டப்பாவைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்.

ஹென்றி கெட்டிக்காரர். படித்தவர் ஒருவர் வாயால் கேட்டுவிடுவோம் என்று ஜெபசீலனைக் கூப்பிட்டார். ஜெபசீலன் நாசரேத்துக்காரர், உப்புக் கம்பெனி ஒன்றில் ரசாயனம் பார்ப்பவர். யாராவது எதிரில் அழுதால் அந்தக் கண்ணீரில் உப்பு எத்தனை சதவீதம் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். கிணற்றுத் தண்ணீரில் உப்பைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளி நைட்ரேட்டை விட்டுப் பார்த்தார். இத்தனை குறைந்த உப்பை அந்தக் கரையிலேயே அவர் கண்டதில்லை. நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஒரு சொல்லில் ஹென்றி மோட்டார் வைத்தார். தோணிகளெல்லாம் அங்கேதான் பீப்பாய் நிரப்பின. நன்றிக்கு, காலைதோறும் ஒரு குடம் ஜெபசீலன் வீட்டுக்கு வந்தது. அவர் மனைவி ஜீவமணிக்கு முன்னே இரண்டு கரு தங்கவில்லை. இப்போது வயிறு தெரிகிற மாசம். மசக்கையில் வேறெதுவும் இறங்காமல் கிடந்தவள், அந்தத் தண்ணீரை மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

கிட்டங்கித் தெருவில் ஒரு வெள்ளாடு உண்டு. சினிமா போஸ்டரைப் பசையோடு தின்னும். ஒருமுறை கல்யாணப் பந்தலில் பாதியைத் தின்றுவிட்டு மீதிக்கு முறைத்துக்கொண்டு நின்றது. அது கிணற்றடிப் பச்சைப் புல்லை மோந்து பார்த்துவிட்டு அப்படியே பின்வாங்கிப் போனது. சிரித்தார்கள். அப்புறம் கிட்டங்கிக் காவல்காரர் ஜேசுபாதத்தின் மணிக்கட்டுகள் தொங்கிப் போயின. நெற்றியில் சிலுவை வரைய ஒரு கையை இன்னொரு கையால் தூக்கவேண்டியிருந்தது. வாதம் என்றார்கள். வாயைத் திறந்து பேசும்போது அவர் ஈறில் நீலமாக ஒரு நூல் ஓடுவதை ஜெபசீலன் பார்த்தார்.

அன்று சாயந்திரம் ஜீவமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். வாயைத் திறக்கச் சொன்னார். அதே நூல்.

இருவரும் குடித்தது ஒரே தண்ணீர். மறுநாள் கடப்பாரையோடு போய்க் கிணற்றடியைத் தோண்டினார். முழ ஆழத்தில் மண்ணோடு மண்ணாக ஈயத் துளிகள், மிளகு விதைத்தது மாதிரி. ஹென்றியிடம் கேட்டால் பெருமையாகவே சொன்னார். அவர் அப்பா காலத்தில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு வார்த்ததெல்லாம் இங்கேதானாம். பிறகு வாடகைக்கு வந்தவன் கருப்பட்டிக் கழிவைப் புளிக்க வைத்து வினிகர் போட்டானாம். கெட்டுப்போன பீப்பாய்களை அங்கனயே கவிழ்த்துவிட்டு ஓடிப்போனானாம்.

ஈயத்தில் வினிகர் பட்டால் இனிப்பான விஷம் என்றும், அது உடம்பில் ஏறினால் ஈறில் நீலம் ஓடும் என்றும் காலேஜில் படித்தது ஜெபசீலனுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. பொட்டாசியம் அயோடைடை எடுத்து அந்தத் தண்ணீரில் விட்டார். கண்ணாடிக் குவளைக்குள் மஞ்சளாகப் பொடி இறங்கியது, பார்க்க அத்தனை அழகாக. அதைத் தூக்கிக்கொண்டு ஹென்றியிடம் ஓடினார்.

"நல்ல தண்ணின்னு சொன்னது நீருதான, சார்வாள்? இப்ப மஞ்சளக் காட்டிப் பயங்காட்டுதீரு."

"அன்னைக்கு நான் உப்பை மட்டும்தான் பாத்தேன், அண்ணாச்சி."

"தண்ணியில வேற என்னத்தப் பாக்க?" என்றார் ஹென்றி. கேலியில்லை. நிஜமாகவே கேட்டார்.

ஜெபசீலன் தெரிந்த அதிகாரி ஒருவரிடம் போனார். அவர் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து, தன் வீட்டுக்கும் ஒரு குடத்துக்குச் சொல்லிவைத்தார். குழாயடியில் பெண்களிடம் ஜெபசீலன் சொன்னார். பெண்டாட்டி ஒருத்திக்கே குடிக்க வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள். ஜேசுபாதத்தின் கையைக் காட்டினார். சாராயக் கை என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, ஹென்றி வீடே பூசைக்குப் போன நேரம், ஜெபசீலன் தன் சபைக் கோயிலுக்குப் போகாமல் கம்பெனி மாட்டுவண்டியில் உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தார். ஜேசுபாதம் மறித்தார்.

"என்ன செய்யப் போறிய?"

"விஷம்னா நம்பமாட்டேங்காவ. உப்புன்னா நம்புவாவ."

ஜேசுபாதம் தன் கைகளைக் குனிந்து பார்த்தார். அப்புறம் மூட்டைத் தையலைப் பல்லால் கடித்து இழுத்துப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொன்றாகக் கிணற்றுக்குள் போயிற்று. கடைசி மூட்டைக்கு, கிணறு குமட்டுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது.

பூசை முடிந்து வந்தவர்கள் ஒரு வாய் வைத்துத் துப்பினார்கள். கடல் உள்ளே ஏறிவிட்டது என்று அவர்களே முடிவுகட்டிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஹென்றி மட்டும் கிணற்றடியில் சிந்திக் கிடந்த உப்பையும் ஜெபசீலனையும் மாறி மாறிப் பார்த்தார். மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

ஜெபசீலன் வீட்டுக்கு வந்து, அவளைத் தொடவிடாமல் மூடிவைத்திருந்த குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்தார். ஜீவமணி எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து மத்தியானத்துல இருந்து புள்ள அசையலங்க" என்றாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். விரலிடுக்கில் இன்னும் உப்பு இருந்தது. தெருவில் வண்டிமாடு மணியை ஆட்டிக்கொண்டு நின்றது.

"பேசாத, ஏளா" என்றார். "கொஞ்ச நேரம் பாப்போம்."